120 கிணறுகள்

தம்பி வீட்டில் பெட்டியை இறக்கி வைத்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "கேன் தண்ணி எங்கடா வச்சிருக்க?" என்பதுதான். மதுரைக்காரனுக்கு வேறென்ன கேட்கத் தோன்றும்? அவன் பதில் சொல்லாமல் சமையலறைக் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்து நீட்டினான்.

"குடிண்ணே. பூராம் நிலத்தடித் தண்ணி. இந்த ஊர்ல போயி எவன் கேன் தண்ணி வாங்குவான்?"

ஊர் என்றால் கிக்குயோ. ஜப்பானின் கியூஷு தீவில், குமமோட்டோ நகரத்தை ஒட்டிய சிற்றூர். தைவானின் டிஎஸ்எம்சி கம்பெனி 2024 பிப்ரவரியில் அங்கே சிப் தொழிற்சாலை திறந்த பிறகு வாடகையும் ஏறிவிட்டது, சாலையில் நெரிசலும் ஏறிவிட்டது. தம்பி போய்ச் சேர்ந்ததும் அந்த அலையில்தான், ஒரு ஒப்பந்த வேலைக்கு. இரண்டு வாரம் அவனோடு இருந்துவிட்டு வரலாம் என்று போனேன்.

தண்ணீர் சில்லென்று, லேசாக இனித்தது. பக்கத்துக் குமமோட்டோ நகரத்தில் ஏறக்குறைய 7 லட்சத்து 40 ஆயிரம் பேர். அத்தனை பேருக்கும் குழாயில் வருவது நிலத்தடி நீர் மட்டுமே. "இதுக்கு யாருடா காரணம்?" என்று கேட்டேன். அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் பெயரைச் சொன்னான்: செய்ஷோகோ-சான்.

யாரோ ஓய்வுபெற்ற பொதுப்பணித்துறை இன்ஜினியர் என்று நினைத்துவிட்டேன். இல்லை. 400 வருஷத்துக்கு முந்தைய சாமுராய்த் தளபதி. முழுப்பெயர் கட்டோ கியோமாசா. கியோமாசா என்று எழுதும் அதே இரண்டு எழுத்துகளைச் சீன ஒலிப்பில் படித்தால் 'செய்ஷோ'. அதோடு 'பிரபு' என்ற மரியாதையையும் 'சான்' என்ற செல்லத்தையும் சேர்த்துச் சாமிக்குக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிடுகிறார்கள். சாமிதான். குமமோட்டோ கோட்டைக்குள்ளேயே அவருக்குக் கோயில் இருக்கிறது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது வேறு காரணத்துக்காக. கட்டோ கியோமாசா என்ற பெயரை நான் அதற்கு முன் படித்தது 1592-இல் ஜப்பான் கொரியாவின்மேல் படையெடுத்த வரலாற்றில். அங்கே அந்தப் பெயர் வந்தால் பக்கத்திலேயே எரிந்த ஊர்களும் கயிற்றில் கட்டி இழுத்துப்போன கைதிகளும் வருவார்கள்.

இந்த இடத்தில் தமிழில் எழுதுகிறவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. ஆங்கிலத்தில் எழுதுகிறவர் தப்பித்துவிடுவார். நமக்கு 'அவன்' என்பதா, 'அவர்' என்பதா என்று முதல் வரியிலேயே முடிவு செய்தாக வேண்டும். குமமோட்டோவில் போய் 'அவன்' என்று சொன்னால் அடிக்க வருவார்கள். கொரியாவின் உல்சானில் 'அவர்' என்று சொன்னாலும் அதே கதி. யோசித்துப் பார்த்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தேன். ஜப்பானில் இருக்கும்வரை அவர். கடலைத் தாண்டினால் அவன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

பிறந்தது 1562. இன்றைய நகோயா நகரத்தின் நகாமுரா பகுதி. அதே நகாமுராவில், கூப்பிடு தூரத்தில் பிறந்தவர்தான் பிற்காலத்தில் ஜப்பான் முழுவதையும் கையில் வைத்திருந்த ஹிதேயோஷி. இருவருக்கும் தாய்வழியில் உறவு. கியோமாசா சின்ன வயதிலேயே அப்பாவை இழந்தவர். அம்மா கூட்டிக்கொண்டுபோய் ஹிதேயோஷியிடம் விட, அந்த வீட்டுச் சோற்றில் வளர்ந்தார். இளவயதுப் பெயர் தோரானோசுகே. 'தோரா' என்றால் புலி. இந்தப் புலி பிறகும் வரும்.

1583-இல் ஷிசுகதாகே என்ற மலைப்போரில் ஹிதேயோஷியின் பக்கம் பாய்ந்து சண்டையிட்ட ஏழு இளைஞர்களை 'ஏழு ஈட்டிகள்' என்பார்கள். அதில் ஒருவர் இவர். அப்போது வயது 21. பரிசாக 3,000 கோக்கு நிலம். ஒரு கோக்கு என்பது ஓர் ஆள் ஒரு வருஷம் சாப்பிடும் அரிசி, கிட்டத்தட்ட 150 கிலோ. அந்தக் காலத்தில் ஒருவருடைய செல்வாக்கை நிலப்பரப்பால் அளக்கவில்லை, அரிசியால் அளந்தார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்தில் 'அவருக்கு எத்தனை கலம் காணும்?' என்று கேட்டது போல.

ஐந்தே வருஷத்தில் 3,000 ஏறக்குறைய இரண்டு லட்சம் ஆனது. அது வெறும் அதிர்ஷ்டம் இல்லை. ஹிகோ என்ற மாகாணத்தை (இன்றைய குமமோட்டோ) அதற்கு முன் ஆளப்போன சாசா நாரிமாசா, அவசரப்பட்டு நிலம் அளக்க ஆரம்பித்து ஊர்ப் பெரிய மனிதர்களின் கலகத்தில் மாட்டிக்கொண்டார். 1588-இல் ஹிதேயோஷி அவரை வயிற்றைக் கிழித்துக்கொள்ளச் சொன்னார். காலியான அந்த நாற்காலியில் வடக்குப் பாதிக்குக் கியோமாசா, தெற்குப் பாதிக்குக் கொனிஷி யுகினாகா. கியோமாசா நிச்சிரென் பௌத்தத்தில் ஊறியவர். போர்க்கொடியிலேயே தாமரைச் சூத்திரத்தின் பெயரை எழுதிக்கொண்டு போனார். கொனிஷியோ சக்காய் துறைமுகத்து வணிகக் குடும்பம், ஞானஸ்நானம் வாங்கிய கிறிஸ்தவர். ஒரே வேலிக்கு இரண்டு பக்கமும் இப்படி இரண்டு பேரைக் குடிவைத்தால் என்ன ஆகும்? அதேதான் ஆனது.

நான்கு வருஷம் கழித்து இரண்டு பேரையும் ஹிதேயோஷி ஒன்றாகக் கப்பலேற்றினார். இலக்கு சீனா. வழியில் கொரியா. கொனிஷி முதல் படைப்பிரிவு, கியோமாசா இரண்டாவது. புசானில் இறங்கியதிலிருந்து தலைநகர் சியோல் வரை அது படையெடுப்பு மாதிரி இல்லை, இரண்டு பேருக்கும் நடந்த ரேக்ளா ரேஸ் மாதிரி இருந்தது. கொனிஷி ஒரு நாள் முந்திக்கொண்டார்.

கடலைத் தாண்டிவிட்டோம். இனி அவன்.

சியோலுக்குப் பிறகு கியோமாசா வடகிழக்கே ஹம்கியோங் மாகாணத்துக்குத் திரும்பினான். எல்லை ஊரான ஹோயேர்யோங்கில் கொரிய மன்னரின் இரண்டு மகன்கள் அடைக்கலம் தேடி வந்திருந்தார்கள். உள்ளூர் ஆட்களே கலகம் செய்து அவர்களைப் பிடித்து அவன் கையில் ஒப்படைத்தார்கள். அதோடு நிற்காமல் தூமன் ஆற்றைக் கடந்து ஜுர்சென் மக்களின் நாட்டுக்குள்ளும் ஒரு நடை போய்வந்தான். பிறகு வடக்கத்திக் குளிர் வந்தது. சோங் முன்-பு என்பவர் திரட்டிய ஊர்ப்படையும் வந்தது. உறைபனியில், பசியில், அடி வாங்கிக்கொண்டு தெற்கே திரும்பினான்.

அந்த ஊர்ப்படையின் வெற்றிக்குக் கொரியர்கள் பிற்காலத்தில் ஒரு கல்வெட்டு நட்டார்கள். 1905-இல், ரஷ்யாவோடு நடந்த போரின்போது அங்கே வந்த ஜப்பானியப் படை அதைப் பெயர்த்துக்கொண்டு போய் டோக்கியோவின் யாசுகுனி கோயிலில் வைத்துவிட்டது. கியோமாசா தோற்றான் என்று சொல்லும் கல் ஒரு நூற்றாண்டுக் காலம் ஜப்பானிலேயே கிடந்தது. 2005-இல் தென்கொரியாவுக்குத் திரும்பி வந்து, மறுவருஷம் வடகொரியாவில் அதன் பழைய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கல்லுக்குக்கூட இத்தனை அலைச்சல்.

புலிக்கதைக்கு வருவோம். கியோமாசா என்றால் ஜப்பானியக் குழந்தைகளுக்கு முதலில் நினைவுக்கு வருவது கொரியக் காட்டில் ஈட்டியால் புலியைக் குத்தும் படம். அவனுடைய ஈட்டி முனையில் ஒரு பக்கக் கொம்பு மட்டும் குட்டை. புலி கடித்து முறித்தது என்பார்கள். பழைய நூல்களில் வரும் கதையில் அவன் புலியைச் சுட்டது துப்பாக்கியால். படம் வரைந்தவர்களுக்குத் துப்பாக்கி எடுப்பாக இல்லை போலிருக்கிறது.

புலியை விட்டுவிட்டு உல்சானுக்குப் போகலாம். இந்தப் பதிவை நான் எழுத உட்கார்ந்ததே உல்சானுக்காகத்தான்.

1597-இல் இரண்டாவது படையெடுப்பு. இந்த முறை சீனா எல்லாம் பேச்சில் மட்டுமே. வெட்டிய தலைகளை அனுப்ப முடியாமல் மூக்கை அறுத்து உப்பிட்டு ஜப்பானுக்கு அனுப்பிய போர் இது. கியோட்டோவில் அந்த மூக்குகளைப் புதைத்த மேடு இன்றும் இருக்கிறது. 'காது மேடு' என்று பெயர் மாற்றிச் சொல்கிறார்கள். கொரியாவின் தென்கிழக்குக் கரையில் உல்சானில் ஒரு கோட்டை கட்ட முடிவாயிற்று. அதைக் கட்டிய லட்சணத்தை ஒருவர் நாட்குறிப்பாக எழுதி வைத்திருக்கிறார். கெய்னென் என்ற பௌத்தத் துறவி. ஒரு பிரபுவுக்கு வைத்தியராகக் கூட வந்தவர். ஜப்பானிலிருந்து ஓட்டி வரப்பட்ட குடியானவர்களை இராப்பகலாக மரம் வெட்ட விட்டதையும், தப்பி ஓடப் பார்த்தவர்களின் தலையை வெட்டிக் கம்பத்தில் வைத்ததையும், அடிமை வியாபாரிகள் கொரியர்களைக் கழுத்தோடு கழுத்தாகக் கயிற்றில் கோத்து ஓட்டிப்போனதையும் அவர் எழுதியிருக்கிறார். படையெடுத்து வந்த பக்கத்தில் இருந்துகொண்டே அதை நரகம் என்று எழுதிய ஆள்.

கோட்டை முடியவில்லை. அதற்குள் சீனாவின் மிங் படையும் கொரியப் படையும் சேர்ந்து சுமார் 50,000 பேர் வந்து வளைத்துக்கொண்டார்கள். கியோமாசா அப்போது கோட்டையில் இல்லை. பக்கத்து சோசேங்போ கோட்டையில் பத்திரமாக இருந்தான். செய்தி கேட்டதும் இரவோடு இரவாகப் படகில் வந்து முற்றுகைக்குள் புகுந்தான். இதைத் துணிச்சல் இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை.

உள்ளே கிணறு இல்லை. சோறும் இல்லை. நடுக்குளிர்காலம். சுமார் இரண்டு வாரம். இரவில் மதிலுக்கு வெளியே ஊர்ந்துபோய்ப் பிணம் மிதக்கும் குட்டையில் தண்ணீர் மொண்டு வந்தார்கள். அந்தக் குட்டையின் பக்கமே எதிரிகள் பதுங்கியிருந்து பிடித்தார்கள். குதிரைகளைத் தின்றார்கள். காகிதத்தைத் தின்றார்கள். சுவரில் பூசிய மண்ணைச் சுரண்டித் தின்றார்கள். விரல்கள் உறைந்து விழுந்தன. கடைசியில் மற்ற தளபதிகளின் உதவிப்படை வந்து முற்றுகை கலைந்தபோது உயிரோடு மிஞ்சியவர்கள் கொஞ்சம் பேர்.

1598-இல் ஹிதேயோஷி இறந்தார். போர் அத்தோடு ஓய்ந்தது. கியோமாசா ஊர் திரும்பினார். அரசியலைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன்: 1600-இல் செகிகஹாரா போரில் நாடு இரண்டாகப் பிரிந்தபோது அவர் தொகுகாவா இயேயாசு பக்கம். கொனிஷி எதிர்ப்பக்கம். கொனிஷி தோற்றார். கிறிஸ்தவர் என்பதால் தற்கொலை செய்துகொள்ள மறுத்தார், கியோட்டோவில் தலை வெட்டப்பட்டது. ஹிகோவின் தெற்குப் பாதியில் பெரும்பகுதியும் கியோமாசாவுக்கு வந்தது. மொத்தம் 5 லட்சத்து 20 ஆயிரம் கோக்கு.

1601-இலிருந்து 1607 வரை குமமோட்டோ கோட்டையைக் கட்டினார். சுற்றளவு 5 கிலோமீட்டருக்கு மேல். 49 காவல் மாடங்கள். கீழே சாய்வாகத் தொடங்கி மேலே போகப் போகச் செங்குத்தாக நிமிரும் கல்மதில். ஏற ஆரம்பிக்கும்போது சுலபமாகத் தெரியும், பாதிக்கு மேல் கை பிடிக்க இடம் இருக்காது. 'வீரனைத் திருப்பியனுப்பும் மதில்' என்று அதற்குப் பெயர். ஊர்ப் பெயரையும் மாற்றினார். முன்பும் குமமோட்டோதான், ஆனால் 'குமா' என்பதற்கு வேறு எழுத்து. அதை எடுத்துவிட்டுக் கரடி என்று பொருள்படும் எழுத்தைப் போட்டார். இன்றைக்கு உலகமெல்லாம் விற்கும் குமமோன் என்ற கருப்புக் கரடி பொம்மைக்கு ஒருவகையில் இவர்தான் பாட்டனார்.

எனக்கு மதிலைவிடப் பெரிதாகப் பட்டது கிணறுகள். அந்த ஒரு கோட்டைக்குள் 120 கிணறுகள். 17 இன்னும் மிச்சம் இருக்கின்றன. தரையில் விரிக்கும் தத்தாமி பாய்களுக்குள் வைக்கோலுக்குப் பதிலாகக் காயவைத்த சேப்பங்கிழங்குத் தண்டைத் திணிக்கச் சொன்னார் என்றும், சுவர்ப் பூச்சுக்குள் சுரைக்காய் வற்றலைப் புதைத்தார் என்றும் அந்த ஊரில் சொல்லுகிறார்கள். முற்றுகை வந்தால் பாயை உரித்துக் குழம்பு வைக்கலாம், சுவரைச் சுரண்டித் தின்னலாம். முற்றத்தில் கின்கோ மரம் நட்டதும் கொட்டைக்காகத்தானாம். பாயும் சுவரும் வாய்வழிக் கதையாகவே இருக்கட்டும். உல்சானில் சுவர் மண்ணைத் தின்று பார்த்தவருக்கு மட்டுமே இப்படி ஒரு யோசனை வரும் என்று மக்கள் நினைத்திருக்கிறார்கள் பாருங்கள், அதுதான் விஷயம்.

சேப்பந்தண்டை நான் சாப்பிட்டிருக்கிறேன். ஆச்சி வைக்கும் புளிக்குழம்பில். புளி சரியாக விழாவிட்டால் தொண்டை அரிக்கும். கோட்டைக்குள் புளிக்கு என்ன செய்வார்களோ?

மூன்றாம் நாள் தம்பி சைக்கிளில் என்னைக் கியோமாசா வெட்டிய ஒரு வாய்க்காலுக்குக் கூட்டிப்போனான். அவன் குடியிருக்கும் இடத்திலிருந்து பக்கம்தான். பாறையை 20 மீட்டர் ஆழத்துக்குக் குடைந்து வெட்டிய வாய்க்கால். ஷிராகாவா ஆற்றுத் தண்ணீரை வயலுக்குக் கொண்டுவருவது. அந்த ஆறு ஆசோ எரிமலையிலிருந்து வருகிறது, வரும்போது சாம்பல் மண்ணையும் அள்ளிக்கொண்டு வரும். சாதாரண வாய்க்கால் என்றால் சில வருஷத்தில் தூர்ந்துபோகும். இத்தனை ஆழத்தில் இறங்கித் தூர் வாரவும் முடியாது. அதற்குக் கியோமாசாவின் ஆட்கள் செய்த உபாயம்: வாய்க்காலை முழுசாக வெட்டாமல், சில மீட்டருக்கு ஒன்றாகப் பாறையைக் குறுக்குச் சுவராக விட்டுவைத்து, சுவரின் அடியில் மட்டும் ஒரு ஓட்டை போட்டார்கள். தண்ணீர் சுவரில் மோதிச் சுழன்று, அடியில் படியும் மண்ணைக் கிளப்பி, ஓட்டை வழியாக இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. வாய்க்கால் தன்னைத்தானே தூர் வாரிக்கொள்கிறது.

இதன் பெயர் ஹனகுரி. தம்பி போனில் தேடி அர்த்தம் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கணாங்கயிறு போட மாட்டின் மூக்கில் குத்தும் ஓட்டை! அந்தச் சுவர் ஓட்டையைப் பார்த்தால் அப்படியேதான் இருக்கிறது. முதலில் இப்படி 80 சுவர்கள் இருந்தனவாம். இன்று இருப்பது 24. நடுவில் என்ன ஆயிற்று? எதற்கு இந்தச் சுவர்கள் என்று புரியாத ஓர் அதிகாரி, தண்ணீருக்கு இடைஞ்சல் என்று ஐம்பதுக்கு மேல் இடித்துத் தள்ளிவிட்டாராம். இடித்த பகுதி தூர்ந்துபோனது. எல்லா ஊரிலும் அதிகாரிகள் ஒரே அச்சில்தான் வார்க்கப்படுகிறார்கள்.

இந்த வாய்க்கால் தண்ணீர் போய்ச் சேரும் வயல்கள் எரிமலை மண். சல்லடை மாதிரி ஒழுகும். நெல்லுக்கு அது பெரிய தலைவலி. ஆனால் ஒழுகின தண்ணீர் எங்கே போகும்? கீழே. 400 வருஷமாக அந்த வயல்கள் ஒழுகி ஒழுகித்தான் குமமோட்டோவின் நிலத்தடி நிரம்புகிறது. வயல் குறைந்து கட்டடம் கூடியதும் நீர்மட்டம் இறங்கியது. 2003-லிருந்து அங்கே உள்ள சோனி தொழிற்சாலை, பயிர் இல்லாத மாதங்களில் வயலில் தண்ணீர் நிறுத்துவதற்காக விவசாயிகளோடு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறது. இப்போது வந்த சிப் தொழிற்சாலையும் அதே வழிக்கு வந்திருக்கிறது. தண்ணீர் வரும் வழி பழைய வாய்க்கால்கள்தான். என் டம்ளரில் இருந்த தண்ணீரின் பூர்வீகம் இதுதான்.

உல்சான் தாகம்தான் இவரை வாய்க்கால் வெட்ட வைத்தது என்று ஒரே வரியில் முடித்துவிட ஆசையாகத்தான் இருந்தது. உண்மை இடம் கொடுக்கவில்லை. ஆற்று வேலைகளைக் கொரியாவுக்குப் போகும் முன்பே தொடங்கிவிட்டார். நீரைக் கட்டத் தெரிந்த ஆள்தான் நீரில்லாத கோட்டையில் போய் மாட்டிக்கொண்டார். எனக்கு இது இன்னும் உறைக்கிறது.

மனிதர் எளிமையானவரும் இல்லை, இளகியவரும் இல்லை. தன் வீரர்களுக்கு ஏழு கட்டளை விதித்திருக்கிறார். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து பயிற்சி. பருத்தித் துணி போதும். கூத்தாடினால் வயிற்றைக் கிழித்துக்கொள்ள வேண்டியதுதான். கவிதை படிக்கக் கூடாது, படித்தால் ஆண்மை போய்விடும்! இதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன் கொஞ்ச நேரம்.

ஏனென்றால் அதே கியோமாசாவின் படை 1593-இல் கொரியாவின் ஹாதோங் பகுதியில் ஒரு பையனைப் பிடித்தது. வயது 13. பெயர் யோ தே-நாம். கொல்லப்போகும் நேரத்தில் அவன் தூரிகையை வாங்கிச் சீனக் கவிதை வரிகளை எழுதிக் காட்டினான் என்றும், அந்தக் கையெழுத்தைப் பார்த்துத் தளபதி உயிரோடு விட்டான் என்றும் கதை. பையன் குமமோட்டோவுக்கு வந்து, துறவியாகி, நிச்சியோ என்ற பெயரில் ஹொன்மியோஜி கோயிலின் மூன்றாவது தலைமைக் குருவானான். கியோமாசாவைப் புதைத்த கோயில் அது.

1620-இல் நிச்சியோவுக்குக் கொரியாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அப்பாவிடமிருந்து. மகன் உயிரோடு இருக்கிறான் என்று 27 வருஷம் கழித்துத் தெரியவந்து எழுதிய கடிதம். மகன் பதில் எழுதினார். ஊருக்குப் போக அனுமதி கேட்டார். கிடைக்கவில்லை. கடைசிவரை இருவரும் பார்த்துக்கொள்ளவில்லை. அந்தக் கடிதங்கள் அந்தக் கோயிலில் இன்றும் பாதுகாப்பாக இருக்கின்றன.

எதிர்த்திசையில் போனவரும் உண்டு. கியோமாசாவின் முன்னணிப் படையில் வந்து இறங்கிய கையோடு கொரியர் பக்கம் சேர்ந்துவிட்ட சாயாகா என்ற ஜப்பானியர். கொரியர்களுக்குத் துப்பாக்கி வித்தை கற்றுக்கொடுத்தவர். மன்னர் அவருக்குக் கிம் சுங்-சோன் என்று பெயர் கொடுத்தார். தேகு நகரம் பக்கம் உரோக் என்ற கிராமத்தில் அவருடைய வம்சம் இன்றும் இருக்கிறது.

1611-இல் கியோமாசா இறந்தார். ஹிதேயோஷியின் மகன் ஹிதேயோரிக்கும் இயேயாசுவுக்கும் கியோட்டோ நிஜோ கோட்டையில் நடந்த சந்திப்பில் துணையாக இருந்துவிட்டுக் கப்பலில் திரும்பும்போது நோய் கண்டது. சந்திப்பின்போது நெஞ்சுக்குள் குறுவாளை மறைத்து வைத்திருந்தார் என்பார்கள். இயேயாசு விஷம் வைத்த பலகாரம் கொடுத்தார் என்றும் ஒரு வதந்தி, அதை வைத்துக் கபுகி நாடகமே உண்டு. தொழுநோய் என்றும் ஒரு வதந்தி. இந்தக் கடைசி வதந்திக்கு விளைவு இருந்தது. தொழுநோயாளிகள் தங்கள் சாமியாக அவரை நினைத்து ஹொன்மியோஜியின் படிக்கட்டுகளில் வந்து தங்க ஆரம்பித்தார்கள். அவர்களைப் பார்த்துத்தான் ஹன்னா ரிடெல் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1895-இல் அங்கே மருத்துவமனை தொடங்கினார். 1940-இல் போலீஸ் வந்து நோயாளிகளை மொத்தமாக வாரிக்கொண்டு போனது.

கியோமாசாவின் மகன் தடஹிரோ காலத்தில், 1632-இல், தொகுகாவா அரசு ஆட்சியைப் பிடுங்கி வடக்கே துரத்திவிட்டது. புதிதாக வந்த ஹொசொகாவா பிரபு கோட்டைக்குள் நுழைந்ததும் முதலில் செய்த காரியம், கியோமாசாவின் சமாதி இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டது. பக்தியோ, ஊர்க்காரர்கள்மேல் பயமோ. சாசா நாரிமாசாவுக்கு என்ன ஆயிற்று என்று அவருக்கும் தெரிந்திருக்கும் அல்லவா?

கோட்டைக்குச் சோதனை வந்தது 270 வருஷம் கழித்து. 1877-இல் சைகோ தகாமோரியின் சாமுராய்ப் படை, சுமார் 13,000 பேர், அரசை எதிர்த்துக் கிளம்பி வந்து கோட்டையை வளைத்தது. உள்ளே இருந்தது 3,500 பேர் அளவுக்கு. பெரும்பாலும் கட்டாய ராணுவச் சேவைக்கு வந்த சாதாரண வீட்டுப் பிள்ளைகள். சண்டைக்கு மூன்று நாள் முன்பு தலைமைக் கோபுரம் எரிந்துபோனது. யார் வைத்த தீ என்று இன்றும் பட்டிமன்றம் நடக்கிறது. ஐம்பது நாளுக்கு மேல் முற்றுகை. மதிலேறி ஒருவரும் உள்ளே வரவில்லை. சாமுராய் கட்டிய கோட்டைக்குள் இருந்துகொண்டு குடியானவர் பிள்ளைகள் கடைசி சாமுராய்களை நிறுத்திவிட்டார்கள். தன்னைத் தோற்கடித்தது அரசுப்படை அல்ல, செய்ஷோகோ-சான்தான் என்று சைகோ சொன்னதாகக் குமமோட்டோவில் சொல்வார்கள். சொல்லத்தானே செய்வார்கள்.

2016 ஏப்ரலில் 14-ஆம் தேதி ஒரு நிலநடுக்கம், 16-ஆம் தேதி அதைவிடப் பெரிதாக இன்னொன்று. மதில்கள் சரிந்தன. ஒரு மாடம் மூலையில் ஒற்றை வரிசைக் கல்லின்மேல் மட்டும் தொங்கிக்கொண்டு நின்ற படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சரிந்த இடங்களில் பெரும்பகுதி 1889 நிலநடுக்கத்துக்குப் பிறகு புதுப்பித்த பகுதிகளாம். விழுந்த ஒவ்வொரு கல்லுக்கும் எண் போட்டு வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் பழைய இடத்திலேயே வைக்கப் போகிறார்கள். கோபுரம் 2021-இல் திறந்துவிட்டது. மொத்தக் கோட்டையும் முடிவது 2052-இல். "அப்ப எனக்கு என்ன வயசுண்ணே?" என்று தம்பி கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தான்.

குமமோட்டோவுக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஃபுஜிசாக்கி ஹச்சிமான் கோயில் திருவிழாவில் குதிரைகளை ஓட்டிக்கொண்டு 'போஷிதா, போஷிதா' என்று கத்துவது வழக்கமாக இருந்தது. கொரியாவை 'அழித்தோம்' என்பதன் சுருக்கம் அது என்று பரவலாக நம்பினார்கள். வேறு விளக்கங்களும் உண்டு. ஆனாலும் எதிர்ப்பு வலுத்து, 1990-இல் அந்தக் கோஷத்தை விட்டுவிட்டார்கள். இப்போது வேறு கோஷம். எனக்குத் தெரிந்து ஒரு திருவிழா தன் வாயைத் தானே திருத்திக்கொண்ட இடங்கள் மிகக் குறைவு. உல்சானில் பழைய கோட்டை இருந்த மேட்டில் சில வருஷத்துக்கு முன் கியோமாசாவின் சிலையையும் வைக்கத் திட்டம் போட்டபோது அங்கே கொந்தளித்துவிட்டார்கள். திட்டம் நின்றது. அதுவும் நியாயம்தான். எந்த ஊர் தன்னை எரித்தவனுக்குச் சிலை வைக்கும்?

கடைசி நாள் ரயில் நிலையத்தில் 'சோசென் அமே' என்று ஒரு பெட்டி வாங்கினேன். 'கொரிய மிட்டாய்' என்று அர்த்தம். பசையரிசி மாவில் செய்து மேலே மாவு தூவியது. கியோமாசாவின் படை கொரியாவுக்குக் கட்டிக்கொண்டு போன பண்டம் என்கிறார்கள். கோதுமை அல்வாவை ஒரு நாள் காற்றாட வைத்த மாதிரி ஒரு பதம். நன்றாகத்தான் இருந்தது. பெயரைப் படித்துவிட்டுச் சாப்பிட்டால் தொண்டையில் கொஞ்சம் நிற்கிறது, சேப்பந்தண்டு மாதிரி.

குமமோட்டோ போகிறவர்களுக்கு ஒரு தகவல். கோட்டையோடு திரும்பிவிடாமல் ஹொன்மியோஜிக்கும் போய் வாருங்கள். 176 படிகள் ஏறினால் கியோமாசாவின் சமாதி. அவர் இறந்ததும் கூடவே உயிர்விட்ட கின்கான் என்ற கொரியரின் கல்லறையும் அங்கேயே இருக்கிறது. ஜூலை 23 இரவில் போனால் துறவிகள் தாமரைச் சூத்திரத்தைப் படியெடுத்து எழுதும் சடங்கைப் பார்க்கலாம். கவிதை படிக்கக் கூடாது என்றவருக்கு இரவு முழுக்கத் தூரிகை எழுத்திலேயே நினைவு நாள். கமி-குமமோட்டோ போகும் டிராமில் ஏறவேண்டும். வழியில் 'உருசன்மாச்சி' என்று ஒரு நிறுத்தம் வரும். உருசன் என்றால் உல்சான். போரில் பிடித்து வந்த உல்சான்காரர்களைக் குடிவைத்த தெரு அது. அங்கிருந்து மூன்றாவது நிறுத்தத்தில் இறங்கினால் ஹொன்மியோஜி.